பட்டுவின் கூண்டில் இன்னொரு கிளி

கிச்சா என்கிற கிருஷ்ணசாமி முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்த்தவர். குடோன் தானாகவே தீப்பிடித்தது, லாரி தானாகவே பள்ளத்தில் இறங்கியது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். பாதிப் பேர் அங்கேயே உளறிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் இப்போது மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், ஒரு கூண்டிலிருந்து நாலடி தள்ளிப் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்த கிளியின் கண்ணைப் பார்க்கத் தைரியமில்லாமல் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளியும் அவரைப் பார்க்கப் பிரியப்படவில்லை. கூண்டின் பின்மூலையில் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு, பேப்பர் சரசரக்கும் போதெல்லாம் உடம்பை ஒடுக்கியது. அதைக் கொண்டுவந்து ஒரு வாரம் ஆகியும் அவர் கண்ணெதிரே ஒரு விதையைக்கூட அது கொத்தவில்லை. அந்தக் கூண்டு அதனுடையதில்லை. தண்ணீர்க் கிண்ணமும் ஊஞ்சலும் அதனுடையவை இல்லை. அதன் பேரும்தான் அதனுடையதில்லை.

கூண்டு பட்டுவினுடையது. பட்டு காமாக்ஷியின் கிளி. மகள் ஹம்சினி கல்யாணமாகி அமெரிக்கா போகும்போது, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்த்தால் சட்டப்படி குற்றம். இது குவாக்கர் என்கிற வெளிநாட்டு ஜாதி, மேலெல்லாம் பச்சை, மார்பு மட்டும் சாம்பல். காமாக்ஷி தோளில் ஏற்றி வைத்துக்கொண்டே சமைப்பாள். அது கற்றுக்கொண்ட முதல் வார்த்தையும் முக்கியமான வார்த்தையும் ஒன்றுதான். காமாக்ஷி அடுக்களையிலிருந்து புருஷனைக் கூப்பிடுகிற "ஏன்னா!" அதே குரல், அதே கடைசி இழுப்பு. கிச்சா முகமெல்லாம் சோப்பு நுரையோடு "இதோ வந்துட்டேன்" என்று ஓடிவந்து பார்த்தால், அம்மாள் பாட்டுக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கூண்டுக்குள் பட்டு தலையைச் சாய்த்துக்கொண்டு அவரைப் பார்க்கும்.

"நான் கூப்பிடவே இல்லையே" என்று காமாக்ஷி சிரிப்பாள். கிச்சா தினம் ஏமாந்தார். ஏமாறுவதில் அவருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது.

நவராத்திரி முடிந்த கையோடு காமாக்ஷி ஹம்சினிக்குப் பிரசவம் பார்க்க நியூ ஜெர்சிக்குப் போனாள். ஏர்போர்ட் வாசலில் புருஷனுக்கு அவள் சொன்னதில் பாதி கிளியைப் பற்றித்தான். "கொய்யாப்பழம்னா உசிரு அதுக்கு, விதையோட குடுங்கோ. எல்லாத்துக்கும் மேல, கூண்டைத் திறக்கறதுக்கு முன்னாடி பால்கனிக் கதவைச் சாத்தணும். மறக்கப்படாது." கிச்சா மறக்கவில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாளே சூரிய கிரகணம் வந்தது. சாயங்காலம், சூரியன் இறங்குகிற வேளையில். அங்கே பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து காமாக்ஷி போன் செய்தாள்.

"ஏன்னா, தர்ப்பை ஸ்வாமி அலமாரியில மேல்தட்டுல இருக்கு. ஊறுகா ஜாடி, தயிர், இட்லி மாவு எல்லாத்துலயும் ஒரு நறுக்கு போட்டுடுங்கோ. பட்டுவோட தண்ணியிலயும் போடுங்கோ, அதுவும் நம்மாத்துக் குழந்தைதானே. அப்புறம், கிரகணம் விடற வரைக்கும் வாசப்படி தாண்டாதேள். எனக்காகச் சொல்லலை. இங்க இவளுக்கு எப்ப வேணும்னாலும் வலி எடுக்கலாம்."

கிச்சா ஒன்றும் பெரிய ஆசாரசீலர் இல்லை. மனைவி ஊரில் இல்லாத நாளில் குளிக்காமலே இரண்டு காப்பி குடிக்கிற ஆசாமி. ஆனாலும் பிறக்கப்போகிற குழந்தையின் பேரைச் சொல்லிவிட்டாளே. தலைக்குக் குளித்து, ஈர வேஷ்டியைப் பால்கனியில் உலர்த்தி, பயபக்தியோடு ஜாடி ஜாடியாகத் தர்ப்பை போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் கூண்டைத் திறந்தார். நறுக்கிப் போட்டிருக்கலாம், அவசரத்தில் நீளத் தர்ப்பையை அப்படியே உள்ளே நீட்டினார். பட்டு அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அது பின்வாங்கவும், தெருவில் யாரோ மிச்சம் வைத்திருந்த அணுகுண்டு வெடிக்கவும் சரியாக இருந்தது. அவர் மணிக்கட்டின் மேலாக ஒரு பச்சைச் சிறகடிப்பு. வேஷ்டி உலர்த்தப் போனபோது பால்கனிக் கதவைச் சாத்தவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. பட்டு போய் அதன் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து, "ஏன்னா!" என்றது.

கிச்சா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "வா, வா, கண்ணா" என்று கெஞ்சினார். கொய்யாத் துண்டைக் காட்டினார். அது இரண்டடி முன்னால் வந்து, கீழே தெருவைப் பார்த்து, பயந்து பின்னால் போயிற்று. வீட்டுக்குள் பிறந்து வளர்ந்த ஜீவன். அத்தனை வெட்டவெளியை அது கண்டதில்லை. "ஏன்னா! ஏன்னா!" கூண்டுக்குள்ளிருந்து கூப்பிடும்போது அதில் ஒரு குறும்பு இருக்கும். இப்போது அது இல்லை. காமாக்ஷியே எங்கேயோ மாட்டிக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

தெருவைக் கடந்து அந்த மாடிக்குப் போய்க் கையை நீட்டியிருந்தால் வந்திருக்கும். கிச்சா போகவில்லை. கிரகணம் பிடித்துவிட்டது, வாசப்படி தாண்டக் கூடாது, பிள்ளைத்தாச்சிப் பெண் அங்கே இருக்கிறாள் என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். பழைய க்ளெய்ம் ஆபீசர் எதிரே உட்கார்ந்திருந்தால் அந்தக் காரணத்தில் ஒரு ஓட்டை இருப்பதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார். ஓட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிரகணம் விட்டு, குளித்து, டார்ச் எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. தெருவெல்லாம் வெடிப்புகை. தொட்டியின் மேல் ஒன்றும் இல்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து கோயில் குளக்கரை மரங்கள், லஸ் பக்கத்து மரங்கள் என்று அண்ணாந்து பார்த்தபடியே அலைந்தார். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

சொல்லியிருக்கலாம் இல்லையா? அன்றைக்கே ஹம்சினிக்கு வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. அந்தச் சந்தோஷத்தில் இதை எப்படிச் சொல்வது? பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டார். அது ஆயிற்று. பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்கிறவளிடம் அழுகிற விஷயத்தை எதற்குச் சொல்வானேன் என்று மறுபடி தள்ளிப்போட்டார். அதற்குள் "பட்டுவைக் காட்டுங்கோளேன்" என்று அவள் ஏழெட்டுத் தடவை கேட்டாயிற்று. தூங்கறது, இறகு உதிர்கிற காலம், போனைக் கண்டா மிரள்றது என்று அவரும் பூசி மெழுகியாயிற்று. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் என்று மற்றவர்கள் அடுக்குவதை எத்தனை பார்த்திருக்கிறார்! அடுக்குவது இவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியாது.

இப்படித்தான் ஒருநாள் மீர்சாகிப்பேட்டையில் காஷிஃபின் மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தார். காஷிஃப் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்; பறவை வளர்த்து விற்பது அவருக்கு உபதொழில்.

"அங்கிள், ஓபனா சொல்லிடறேன். இது குஞ்சு இல்ல. மொதல்ல வாங்கினவரு டவலப் போட்டு அமுக்கி அமுக்கிப் புட்சிருக்காரு. பயந்துட்டு கீது. கையக் கண்டாலே கத்தும். உங்களுக்கு இன்னா அவசரம்? ரெண்டு மாசம் பொறுத்தீங்கன்னா கையில பழகின குஞ்சாவே தர்றேன்."

"எனக்கு இதே வயசுல, இதே மாதிரிதான் வேணும்."

காஷிஃப் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பறந்துடுச்சா?"

கிச்சா பர்ஸை எடுத்து நோட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

"ஆண்டிக்குத் தெரியாதா?" கேட்டுவிட்டு அவரே கையை உதறிக்கொண்டார். "சரி வுடுங்க, அது உங்க வீட்டு மேட்டர். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. அதுவா வர்ற வரைக்கும் நீங்க அதுகிட்டப் போவாதீங்க. மொறைச்சிப் பாக்காதீங்க, பருந்து பாக்குதுன்னு நெனைச்சிக்கும். தீனிய வெச்சிட்டுத் தள்ளிப்போய்க் குந்திக்கங்க. அதுக்கு எப்போ தோணுதோ அப்போ வரும்."

கிச்சா தலையாட்டினார். தலையாட்டிவிட்டுச் செய்தது வேறு. ஒருநாள் காலை காமாக்ஷி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வீடியோவில் வந்து பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்குப் பட்டுவைக் கையில எடுத்துக் காட்டினாத்தான் ஆச்சு. அதுவும் பாப்பாவைப் பார்க்க வேண்டாமா?" போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கிச்சா கூண்டுக்குள் கையை விட்டார்.

அப்படி ஒரு அலறலை அவர் கேட்டதில்லை. கிளி இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்குமாக மோதிக்கொண்டது. ஊஞ்சல் அறுந்தது. அவர் கட்டைவிரலைக் கவ்வி ரத்தம் வரக் கடித்துவிட்டு, கூண்டின் அடித்தட்டில் விழுந்து, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. ஒரு இறகு ஒடிந்து வெளியே தரையில் கிடந்தது.

"ஐயோ, அதை விட்டுடுங்கோ!" என்று போனிலிருந்து காமாக்ஷி கத்தினாள். அப்புறம் குரல் உடைந்து சொன்னாள்: "அதுக்கு என் மேல கோபம். இவ்வளவு நாள் கைக்குள்ள வெச்சிண்டிருந்துட்டு ஒருநாள் பொட்டியைத் தூக்கிண்டு போயிட்டேன். அதுக்கு என்ன தெரியும்? விட்டுட்டுப் போயிட்டான்னுதானே நினைக்கும். நான்தான் அதை இப்படி ஆக்கிட்டேன்."

இப்போதாவது சொல்லிவிடு என்று கிச்சாவின் மனசு கூவியது. "சீக்கிரம் சரியாயிடும் காமு" என்றது வாய்.

போனை வைத்த பிறகு அந்த ஒடிந்த இறகைக் கையில் எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். பட்டுவைத் தொலைத்தது கவனக்குறைவு என்றாவது வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்தது எதில் சேரும்? எவனோ துண்டைப் போட்டு அமுக்கினான் என்று காஷிஃப் சொன்னபோது 'முரடன்' என்று மனசுக்குள் திட்டினாரே, அந்த முரடனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? கிச்சாவுக்கு அழுகை வந்தது. அறுபத்தாறு வயசு மனுஷர் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அழுதார். கிளி மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்துதான் பிரம்பு நாற்காலி நாலடி தள்ளிப் போயிற்று. காலையில் விதையை வைப்பார். திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்துகொள்வார். பேப்பரை வாய்விட்டுப் படிப்பார். மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்து மாற்றம், தக்காளி விலை, எல்லாவற்றையும் ஒரே குரலில். பேப்பர் முடிந்துவிட்டால் சும்மா பேசுவார். வீட்டில் வேறு யாருமில்லை. பேசுவதற்கு அவரிடம் இருந்ததும் ஒரே விஷயம்தான். "நீ பட்டு இல்லே. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன்னை அந்தப் பேர்ல கூப்பிட எனக்கு நாக்கு எழலை" என்று ஆரம்பித்து, தர்ப்பை, அணுகுண்டு, தொட்டி என்று எல்லாவற்றையும் சொல்வார். காமாக்ஷியிடம் சொல்லாத ஓட்டையைக்கூட அதனிடம் சொன்னார்.

முதலில் அவர் அறையை விட்டுப் போன பிறகு சாப்பிட்டது. பிறகு அவர் பேப்பருக்குப் பின்னால் இருக்கும்போதே விதை உடைகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. கிச்சா மூச்சைக்கூட மெதுவாக விட்டார். கையைக் கண்டால் ஆகாது என்பதால் சந்தியாவந்தனத்து உத்தரணிக் கரண்டியை எடுத்து, அதன் நீளக் காம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, ஒரு விதையை வைத்து நீட்டினார். எச்சில் பண்ணுகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. செய்த காரியத்துக்கு இது ஒரு பாவமா என்று நீட்டியபடியே இருந்தார். கை கடுக்கும்வரை காத்திருந்துவிட்டு எடுத்துவிடுவார். ஒருநாள் கழுத்தை எட்டி நீட்டி, விதையைப் பறித்துக்கொண்டு மூலைக்கு ஓடியது. கிச்சாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனை எடுத்துக் காமாக்ஷியிடம் சொல்லக் கை போயிற்று. என்னவென்று சொல்வது? பட்டு உத்தரணியில் ஒரு விதை வாங்கியது என்றா? பட்டு அவள் வாயிலிருந்தே வாங்கித் தின்னுமே. போனைக் கீழே வைத்தார்.

கொய்யாவை அது தொடவில்லை. அவர் சமையலுக்கு நறுக்கும்போது உதிர்கிற வெண்டைக்காய் விதைதான் அதற்குப் பிடித்தது. உத்தரணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காம்புக்கு இந்தப் பக்கம் பிடித்து, பிடித்து, ஒரு தை மாசக் காலையில் உத்தரணியே இல்லாமல் உள்ளங்கையில் விதையை வைத்துக்கொண்டு, கூண்டைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பால்கனிக் கதவைச் சாத்தியாயிற்றா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான். முதலில் அலகு உரசியது. பிறகு ஒரு கால். விரலைச் சுற்றி நகங்கள் இறுகின. அடுத்த காலையும் எடுத்து வைத்தது.

பூப்போன்ற கனம். உள்ளே இதயம் அடித்துக்கொள்வது விரலுக்குத் தெரிந்தது. இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு வந்து ஏறியிருக்கிறது! உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இது நம்புவதற்குத் தேர்ந்தெடுத்தது என்னையா என்று நினைத்ததும் கிச்சாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சில நாள் கழித்து அது பேசவும் பேசியது. வீடியோவில் வரும்போதெல்லாம் காமாக்ஷி முதலில் "கேக்கறதா?" என்றுதான் ஆரம்பிப்பாள். ஒருநாள் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவர் தோளிலிருந்து அவள் குரலிலேயே "கேக்கறதா?" என்று வந்தது.

"என் குரல்!" காமாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மறக்கலை பாருங்கோ, மறக்கலை! ஆனா ஏன்னான்னு மட்டும் கூப்பிடவே மாட்டேங்கறதே, ஏன்?"

"கூப்பிடும், கூப்பிடும்" என்றார் கிச்சா.

பங்குனியில் காமாக்ஷி வந்து இறங்கினாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேரே கூண்டுக்குப் போய் "பட்டுக் கண்ணா!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். கிளி கிரீச்சிட்டுக்கொண்டு பறந்து கிச்சாவின் கழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவள் கை அப்படியே நின்றது.

"இளைச்சிருக்கு. மார்கூட நிறம் மாறினாப்பல இருக்கு" என்றாள். "எல்லாம் ஏக்கம்."

ஒரு சந்தேகமாவது வரக் கூடாதா? கிச்சா அதைத்தான் வேண்டிக்கொண்டார். அவளுக்கு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் தன்னிடம் பெரிய பொய் சொன்னதில்லை என்பதால், அந்தக் கணக்கிலேயே அவள் இருந்தாள். தினம் காலையில் கொய்யாத் துண்டோடு கூண்டின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். "தப்புதாண்டா. சொல்லாமப் போயிட்டேன். இனிமே போகமாட்டேன், என்னைப் பார்க்க மாட்டியா?" கொய்யாவை அது தொடவில்லை என்றதும், "பிடிச்சதுகூட மறந்துபோற அளவுக்கு மனசு விட்டுப்போச்சு அதுக்கு" என்று அதற்கும் தானே பழியை ஏற்றுக்கொண்டாள். கிச்சா பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டார்.

ஆனி மாசத்தில் ஹம்சினி போன் செய்தாள். பாப்பாவுக்கு வருஷம் நிறையும்போது ஆயுஷ்ஹோமம். அப்பா அம்மா இரண்டு பேரும் வரவேண்டும், டிக்கெட் போடலாமா?

"அப்பா வருவார். நான் வரலைடி" என்றாள் காமாக்ஷி. "ஒரு தடவை விட்டுட்டு வந்ததுக்கே ஒரு வாயில்லா ஜீவன் இப்படி ஆயிடுத்து. மறுபடியும் அதுக்கு அந்தத் துரோகத்தைப் பண்ண என்னால முடியாது." ஹம்சினி அந்தப் பக்கத்தில் அழுதாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். காமாக்ஷி போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூண்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பேத்தியை நினைத்து அழுதுகொண்டே கொய்யாவை நீட்டினாள்.

கிச்சா பேப்பரை மடித்தார். கிளி அவர் தோளில் இருந்தது.

"காமு, அது பட்டு இல்லே."

அவள் திரும்பினாள்.

"கிரகணத்தன்னிக்குப் பட்டு பறந்துபோயிடுத்து. கதவைச் சாத்த மறந்துட்டேன். இது மீர்சாகிப்பேட்டையில வாங்கிண்டு வந்தது. உன் மேல கோபம் இல்லே இதுக்கு. உன்னைத் தெரியாது இதுக்கு."

காமாக்ஷி கையிலிருந்த கொய்யாத் துண்டைப் பார்த்தாள். அதைத் தட்டில் வைத்தாள். கிளி "கேக்கறதா?" என்றது.

"எங்க போச்சு?"

"எதிராத்து மாடியில, தொட்டி மேல உக்காந்துண்டிருந்தது."

"எத்தனை நாழி?"

"கிரகணம் விடற வரைக்கும் இருந்திருக்கும். இருட்டின அப்புறம் பார்க்கலை."

"அவ்வளவு நாழியும் அங்கேயே இருந்ததா? நீங்க போய்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தானே சொன்னேன். வாசப்படி தாண்டாதேள்னு நான்தானே சொன்னேன்!"

இதோ, கதவு தானாகவே திறந்துவிட்டது. கிச்சா சும்மா இருந்தால் போதும். பழியில் பாதி அவள் தோளுக்குப் போய்விடும், அவளும் அதை எடுத்துக்கொள்ளத் தயாராக நிற்கிறாள். இத்தனை மாசமாக அவள் சுமந்ததே போதாதா? கிச்சா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாண்டினேன் காமு. கிரகணத்தும்போதே தாண்டினேன். வாட்ச்மேன் அய்யாதுரை கீழேர்ந்து குரல் குடுத்தான், பசங்க சரம் வைக்கப்போறா, வண்டியை எடுத்துடுங்கோன்னு. இறங்கிப் போய் ஸ்கூட்டரை உள்ள தள்ளி வெச்சேன். அப்ப நடுத்தெருவுலதான் நின்னுண்டிருந்தேன். மேலேர்ந்து என்னைப் பார்த்துக் கூப்பிட்டது. ரெண்டு மாடி ஏறியிருந்தாப் போறும்."

"ஏன் ஏறலை?"

"அந்த மாடிக்குப் போகணும்னா சாரநாதன் ஆத்து பெல்லை அடிக்கணும். அவர் கேட் முன்னாடி வண்டியை நிறுத்தினேன்னு சண்டை போட்டுண்டு ரெண்டு வருஷமாப் பேச்சில்லையே. அவர்கிட்டப் போய், என் கிளி பறந்துடுத்து, மாடிச் சாவி குடுங்கோன்னு நிக்கணுமான்னு இருந்தது. அப்பத்தான் கிரகணம் ஞாபகம் வந்தது. மேல வந்துட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுக் கிச்சா நாற்காலியின் கையை விட்டார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. காமாக்ஷி எழுந்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினாள். அவர் பால்கனியிலிருந்து பார்த்தார். தெருவைக் கடந்து, சாரநாதன் வீட்டு கேட்டைத் திறந்து, நேரே போய் பெல்லை அடித்தாள். அவ்வளவுதான். அதற்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த மொட்டைமாடியில் அவள் தலை தெரிந்தது. தொட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். அதன் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தாள். கிச்சா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

திரும்பி வந்ததும் வாசலிலேயே நின்றாள்.

"சாரநாதன் மாமி சொன்னா. அன்னிக்கு இருட்டற வரைக்கும் மாடிப் பக்கம் 'ஏன்னா, ஏன்னா'ன்னு குரல் கேட்டுண்டே இருந்ததாம். நான் அமெரிக்கா போனது அவாளுக்குத் தெரியாது, நாமதான் பேசறதில்லையே. நான்தான் உங்களைக் கூப்பிடறேன், உங்களுக்குக் காதுல விழலை போலிருக்குன்னு நினைச்சிண்டாளாம்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

காமாக்ஷி ஆயுஷ்ஹோமத்துக்குப் போய்விட்டு வந்தாள், தனியாக. கிளியைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருக்க வேண்டுமென்று கிச்சாவே இருந்துகொண்டார். இப்போது அதற்குச் செல்லம் என்று வேறு பேர். மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டு, நாலு வெண்டைக்காய் விதையோடு அவள் தன் பாட்டுக்கு உட்காரத் தொடங்கியதும் அது கொஞ்ச நாளிலேயே அவள் மடிக்கு வந்துவிட்டது.

அந்த வீட்டில் இப்போது "ஏன்னா" என்ற குரல் கேட்பதில்லை. கிளிக்குத் தெரியாது, தெரிந்தவள் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் காமாக்ஷி வந்து கதவருகில் நிற்பாள், அவர் நிமிர்ந்ததும் சொல்வாள், போவாள். சண்டை கிடையாது. சாப்பாட்டில் குறை கிடையாது.

காலையில் கிச்சாதான் காப்பி கலக்கிறார். கூண்டருகில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கை எட்டுகிற இடத்தில் டம்ளரை வைக்கிறார். முகத்தைப் பார்ப்பதில்லை. நாலடி தள்ளிப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்து, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, டம்ளரை எடுக்கிற சத்தம் கேட்கிறதா என்று காத்திருக்கிறார். சில நாள் எடுக்கிறாள். சில நாள் காப்பி ஆறிவிடுகிறது. அவரே எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, மறுநாள் மறுபடி கலக்கிறார்.